எல்லாருக்குமான மட்பாண்ட வகுப்பு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் சனசமூக நிலையத்தின் பின்பக்கக் கொட்டிலில் சனிக்கிழமைகளில் மட்பாண்ட வகுப்பு நடக்கிறது. பாடசாலை மாணவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஒரே மேசையில் இருந்து பழகுகிறார்கள். படலையடியிலும் தொலைபேசியிலும் கோயில் வீதியிலும் ஆட்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதிப் பதிலையும் தந்திருக்கிறேன். மேலிருந்து வாசியுங்கள். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைத் திரும்பச் சொல்வதில்லை.

இது ஆருக்கான வகுப்பு? மாற்றுத்திறனாளியளுக்கு மட்டுமோ?

இல்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட எவரும் வரலாம். ஓ.எல். பரீட்சை எழுதப்போகும் பிள்ளை, போரில் காலை இழந்த ஐயா, கண் தெரியாத அக்கா, ஓய்வுபெற்ற ஆசிரியை எல்லாருக்கும் ஒரே மேசை, ஒரே மண், ஒரே பாடம். மாற்றுத்திறனாளிகளுக்கென்று தனி வரிசையோ இலேசாக்கிய பாடமோ இல்லை. ஒருவருக்கு மேசை உயரம் மாறும், இன்னொருவருக்கு மண்ணின் பதம் மாறும், வேறொருவருக்குக் கூடுதல் நேரம் தேவைப்படும். சட்டி நேராக நிற்க வேண்டும், ஒழுகக்கூடாது என்பது மட்டும் எவருக்கும் மாறாது.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 சதவீதத்தினருக்குப் பார்ப்பதிலோ கேட்பதிலோ நடப்பதிலோ வேறெதிலோ ஏதாவதொரு சிரமம் உண்டு. ஏறக்குறையப் பன்னிரண்டு பேரில் ஒருவர். எங்கள் ஊர் வகுப்பறைகளிலும் நூலகங்களிலும் விளையாட்டுக் கழகங்களிலும் அந்தக் கணக்குக்கு ஆட்களைக் காணவில்லையென்றால், அவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

எனக்கு ஒண்டும் தெரியாது. முதல் நாள் என்ன செய்விப்பியள்?

மண் குழைக்க விடுவோம். உள்ளங்கையால் அமத்தி, மடித்து, திருப்பி, மறுபடி அமத்துவது. மண் முழுக்க ஒரே பதமாக வரும்வரை இதுதான் வேலை. பிறகு ஓர் உருண்டையின் நடுவில் பெருவிரலை இறக்கிச் சுற்றிச் சுற்றிக் கிள்ளி, கார்த்திகை விளக்கீட்டுக்கு வைக்கும் சிட்டி விளக்கு ஒன்று செய்வீர்கள்.

சக்கரத்தில் உடனே இருக்கலாம் என்று நினைத்து வருபவர்கள் நிறையப் பேர். சக்கரம் பிறகு வரும். மண்ணைத் திரித்து வளையம் வளையமாக அடுக்கியும், தகடாகத் தட்டி ஒட்டியும் முழுப் பானையே செய்யலாம். கையால் மட்டும் செய்யும் இந்த முறைகள் சக்கரத்துக்குக் குறைந்தவை அல்ல.

என்ர மகள் வீல்செயாரில இருக்கிறா. உங்கட இடத்துக்குள்ள வரேலுமோ?

வரலாம். வாசலில் சரிவுப் பாதை உண்டு. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் என்ற கணக்கில் கட்டியது. அதைவிடச் செங்குத்தாக இருந்தால் தள்ளுகிறவர் மூச்சு வாங்குவார், தானாக உருட்டுகிறவரோ ஏறவே மாட்டார். சீமெந்தை மினுக்காமல் சொரசொரப்பாக விட்டிருக்கிறோம், மாரியில் வழுக்காது. மேசைக்குக் கீழே குறுக்குச் சட்டம் இல்லை, முழங்கால் உள்ளே போகும். மலசலகூடக் கதவு வெளிப்பக்கம் திறக்கும்.

பொதுக் கட்டடங்களில் அணுகு வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 இல் வந்தவை. ஆனாலும் ஊர் நிலையங்கள் பலவற்றில் வாசலில் இரண்டு உயரப் படிகள் அப்படியேதான் இருக்கின்றன. மகளை நீங்கள் தூக்கிக்கொண்டு வர வேண்டியதில்லை. அவ தானே உருட்டிக்கொண்டு வந்து மேசையில் சேர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவும்.

கண் தெரியாத ஆள் என்னண்டு சட்டி செய்யிறது?

விரலால். கண் தெரிகிற குயவரும் சுவரின் தடிப்பைக் கண்ணால் பார்ப்பதில்லை. உள்ளே ஒரு விரல், வெளியே ஒரு விரல், இரண்டுக்கும் நடுவில் மண். சக்கரத்தில் மண்ணை நடுவுக்குக் கொண்டுவருவதும் அப்படியே. ஆட்டம் உள்ளங்கையில் தெரியும், அது நின்றதும் கை சொல்லும்.

நாங்கள் செய்து கொடுப்பது இடத்தின் ஒழுங்கைத்தான். ஒவ்வொருவருக்கும் விளிம்பு உயர்ந்த தட்டம் ஒன்று. தண்ணீர்ச் சிரட்டை, கம்பி, துணி எப்போதும் ஒரே இடத்தில். மணிக்கூட்டு முள்ளை வைத்து, “தண்ணீர் இரண்டு மணியில், கம்பி பத்து மணியில்” என்று சொல்வோம். கேட்காமல் எவரும் அதை இடம் மாற்றக்கூடாது. “இங்க வையுங்கோ”, “அந்தப் பக்கம்” போன்ற பேச்சு இந்த மேசையில் பயன்படாது. ஆசிரியர் அதைச் சொல்லாமலிருக்கப் பழக வேண்டும்.

அடித்தளத்தின் தடிப்பை அறிய ஓர் ஈர்க்கைக் குத்தி, இறங்கிய இடத்தில் நகத்தை வைத்து எடுத்தால் போதும். சட்டி காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கன்னத்தில் வைக்கலாம். குளிர்ந்தால் ஈரம் இன்னும் உள்ளே இருக்கிறது. சுட்ட சட்டியைத் தட்டினால், நல்லது கணீரென்று கேட்கும், வெடிப்பு உள்ளது மங்கலாகக் கேட்கும். இந்த மூன்றையும் எல்லா மாணவர்களுக்கும் கண்ணை மூடவைத்தே பழக்குகிறோம். கண் திறந்திருக்கும்போது பிள்ளைகள் விரலை நம்புவதில்லை.

மகனுக்குக் காது கேளாது. சைகை மொழி தெரிஞ்ச ஆள் இருக்கினமோ?

இருக்கிறார். ஆனால் ஆள் இருப்பது மட்டும் போதாது. கேட்கும் பிள்ளை ஆசிரியரின் கையைப் பார்த்துக்கொண்டே விளக்கத்தையும் கேட்கும். கேளாத பிள்ளைக்கு இரண்டுக்கும் ஒரே கண்தான். மண்ணைப் பார்த்தால் சைகையைத் தவறவிடும், சைகையைப் பார்த்தால் மண்ணைத் தவறவிடும். ஆகவே எங்கள் ஆசிரியர் முதலில் பேசாமல் செய்து காட்டுவார். கையை எடுப்பார். பிறகுதான் விளக்கம், சைகையிலும் பேச்சிலும். வகுப்பு முழுவதற்கும் இதே முறை. மற்றப் பிள்ளைகளும் இப்படித்தான் நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள், நேரமும் வீணாவதில்லை.

ஆசிரியரின் முகத்தில் வெளிச்சம் விழ வேண்டும். யன்னலுக்கு முதுகைக் காட்டி நின்றால் உதடு தெரியாது. காது கேளாத பிள்ளைகள் படிக்கும் கைதடி நவீல்ட் பாடசாலை போன்ற இடங்களில் படித்த பிள்ளைகள் சைகை மொழியோடு வருவார்கள். வீட்டிலேயே இருந்த சிலர் வீட்டுச் சைகை மட்டும் தெரிந்து வருவார்கள். அந்தச் சைகைகளை அம்மாவிடம் கேட்டு முதலில் நாங்கள் பழகுவோம்.

எனக்கு ஒரு கை மட்டும்தான் வேலை செய்யும். பாரிசவாதம் வந்தது. சரிவருமோ?

சரிவரும். மறு கை செய்ய வேண்டிய வேலை பிடித்துக்கொள்வதுதான். பலகைக்குக் கீழே நனைத்த சாக்கை விரித்தால் பலகை நகராது. கையால் சுழலும் சிறு தட்டில் சட்டியை வைத்தால் பாத்திரம் உங்களிடம் திரும்பி வரும். பழைய சட்டியின் உள்ளே துணி விரித்து, மண் தகட்டை அமத்தி வடிவெடுக்கலாம். தேங்காய்ச் சிரட்டையும் நல்ல அச்சு.

பலம் குறைந்த கைக்கு இளகிய மண், நடுங்கும் கைக்குக் கொஞ்சம் இறுகிய மண். இளகிய மண்ணில் நடுக்கம் முழுவதும் பதிந்துவிடும், இறுகிய மண் அதைத் தாங்கும்.

எங்கட தம்பி ஆட்டிசம் உள்ளவன். ஈரமா எதையும் தொடவே மாட்டான். கூட்டிக்கொண்டு வந்து பிரயோசனமோ?

கூட்டிக்கொண்டு வாருங்கள். தொடச் சொல்லமாட்டோம். காய்ந்த மண்கட்டியை மரச் சுத்தியலால் உடைப்பதும், அரிதட்டில் அரிப்பதும் இந்தத் தொழிலின் முழு வேலைகள், அவை நடக்காமல் வகுப்பே இல்லை. தகட்டின் மேல் உருளையை உருட்டலாம், இலையை அமத்தி நரம்பு பதிக்கலாம். விரல் படாமலே ஒரு தட்டு முடிந்துவிடும்.

சிலருக்கு வாரங்கள் போனபின் ஒரு விரல் மண்ணுக்குள் போகும். சிலருக்குப் போகாது. இரண்டும் சரி. கைகழுவ வாளியும் துவாயும் அவர் பக்கத்திலேயே இருக்கும், நினைத்தபோது எழும்பிப் போய் வாசலில் இருக்கலாம். தண்ணீர் மோட்டர் சத்தம் பிடிக்காதென்றால் முதலே சொல்லுங்கள், வகுப்பு நேரத்தில் அதைப் போடமாட்டோம்.

நான் பக்கத்தில இருந்து கையைப் பிடிச்சுச் செய்விக்கலாமோ? அவளாத் தனியச் செய்யமாட்டாள்.

பக்கத்தில் இருக்கலாம். கையைப் பிடிக்க வேண்டாம். எங்கள் வகுப்பில் கட்டாயமான விதி ஒன்றே ஒன்று: ஒருவருடைய மண்ணில் இன்னொருவர் கை படக்கூடாது. ஆசிரியருக்கும் அதே விதி. சொல்லிக்கொடுக்க வேண்டுமென்றால் அவர் தன் மண்ணில் செய்து காட்டுவார். கேட்டுக்கொண்டால் மேசையை உயர்த்துவோம், பலகையைப் பிடிப்போம், மண்ணை மாற்றிக் கொடுப்போம், சக்கரத்தைச் சுழற்றிவிடுவோம்.

இதில் அம்மாமாருக்குக் கவலை வருவது எனக்கு விளங்குகிறது. பிள்ளைக்கு ஊட்டி, உடுத்தி, தூக்கி வளர்த்த கை சும்மா இருக்காது. அந்தக் கைக்கு நாங்கள் வேறு மண் கொடுக்கிறோம். நீங்களும் ஒரு சட்டி செய்யுங்கள். கோணலாக வந்த சட்டியைப் பிள்ளை தானே பார்த்து, அழித்து, மறுபடி தொடங்கும் நேரத்தை அவளிடமிருந்து எடுத்துவிடாதீர்கள். ஈரமண் எத்தனை தரமும் அழிக்க விடும்.

என்ர பிள்ளை கெட்டிக்காரன், சோதினை வருது. இவையோட சேர்ந்திருந்தா வேகம் குறையாதோ?

வேகம் குறையும். மட்பாண்டம் யாரோடு இருந்து செய்தாலும் மெதுவான வேலை. மண் பதப்பட வேண்டும், நிழலில் காய வேண்டும், சூளை ஆற வேண்டும். எவரும் அவசரப்படுத்த முடியாது.

உங்கள் மகன் பழகிப்போவது கூடுதலாகத்தான் இருக்கும். கண் தெரியாத அக்காவுக்குச் சரியான சொல்லால் வழி சொல்லவும், காது கேளாத நண்பனின் முகத்தைப் பார்த்துக் கதைக்கவும், கேட்காமல் உதவி செய்யாதிருக்கவும் பழகுவான். ஒருவேளை நீங்கள் கேட்க நினைத்தது, “இவையை ஏன் சேர்க்கிறியள்” என்பதாக இருந்தால், அதற்கும் நேரான பதில் உண்டு. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டப்படி, மாற்றுத்திறனைக் காரணம் காட்டி ஒருவரைக் கல்வி நிறுவனத்தில் சேர்க்காமல் விட முடியாது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் இல்லாவிட்டாலும் நாங்கள் சேர்ப்போம்.

மண்ணை ஏன் காசு குடுத்து வெளியில இருந்து எடுக்கிறியள்? எங்கட செம்மண் காணாதோ?

வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் அது நல்ல மண். சட்டிக்குச் சரிவராது. குடாநாடு முழுக்கச் சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. தோண்டிய மண்ணில் பொடிச் சுண்ணக்கல் கலந்திருக்கும். சூளையின் கடும் சூட்டில் அந்தக் கல் சுட்ட சுண்ணாம்பாகிவிடும். சட்டி வெளியே வந்தபின் காற்றில் உள்ள ஈரத்தை அது குடித்து வீங்கும். சில நாள் கழித்து நல்ல சட்டியின் பக்கத்திலிருந்து சில்லொன்று தெறித்து விழும், குழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருக்கும். யாரும் கைதவறி உடைத்ததல்ல.

அதனால் வன்னிப் பக்கக் குளத்துக் களியை, அங்கே பரம்பரையாகத் தொழில் செய்யும் ஒருவரிடமிருந்து வாங்குகிறோம். களி அகழ்வதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். கண்ட இடத்தில் நாமாகத் தோண்டுவது சரியல்ல. தண்ணீரும் முக்கியம். உவர்க் கிணற்றுத் தண்ணீரால் குழைத்தால் காயும்போது உப்பு வெளியே வந்து சட்டியில் வெள்ளை பூக்கும். நல்லதண்ணிக் கிணறு அல்லது மழைத்தண்ணீர்தான் பாவிக்கிறோம்.

போன மாரியில செய்தது சூளையில வெடிச்சுப் போச்சு. பிள்ளை பிழையாச் செய்ததோ?

பெரும்பாலும் பிள்ளையின் பிழை அல்ல, ஈரம். வெளியே காய்ந்ததுபோல் தெரிந்தாலும் தடித்த அடியில் தண்ணீர் நிற்கும். 100 பாகையைத் தாண்டும்போது அது ஆவியாகும், வழியில்லாவிட்டால் சட்டியை உடைத்துக்கொண்டு வெளியேறும். காற்றுக்குமிழி என்று பொதுவாகச் சொல்வார்கள். குமிழி காய்ந்திருந்தால் அவ்வளவு ஆபத்தில்லை, ஈரம்தான் உடைக்கிறது. ஐப்பசி முதல் மார்கழி வரை மழை. அந்த மாதங்களில் செய்கிறோம், சுடுவதில்லை. தை பிறந்தபின் சுடுகிறோம்.

சோளகக் காற்று வீசும் காலத்தில் எதிர்ப்பிரச்சினை. விளிம்பு முதலில் காய்ந்து சுருங்கும், அடி ஈரமாக நிற்கும், சட்டி வெடிக்கும். விளிம்பை ஈரத்துணியால் மூடி, கொட்டிலின் காற்றுப்படாத பக்கம் வைக்க வேண்டும். ஈரத்திலிருந்து சுட்டு முடியும்வரை மண் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு சுருங்கும், களிக்குக் களி கொஞ்சம் மாறும். பொங்கலுக்கு ஒரு கொத்து அரிசி பிடிக்கும் பானை வேண்டுமென்றால் அதைவிடப் பெரிதாகச் செய்யுங்கள்.

சூளை மூட்டேக்க எல்லாரும் நிக்கலாமோ? பயமாக் கிடக்கு.

நிற்கலாம், ஆனால் இடம் குறித்து. காவோலை, பொச்சு, ஊமல், வைக்கோல் கொண்டு திறந்தவெளியில் சுடுகிறோம். மெல்லச் சூடேற்றி 700 பாகைக்கு மேல் கொண்டுபோவோம். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும், கண் தெரியாதவர்களுக்குக் கயிறு கட்டியிருக்கும். வலிப்பு வருகிறவர்கள் கோட்டுக்கு வெளியே, ஒருவர் துணையோடு. மின்சக்கரத்திலும் அவர்களைத் தனியே விடமாட்டோம். செயற்கைக் கால் போட்டவர்கள் தணலுக்குக் கிட்ட வரக்கூடாது. பிளாஸ்டிக் பகுதிகள் சூட்டில் இளகும்.

முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்கு ஒரு விசேட எச்சரிக்கை. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவர் சூடான சட்டியை மடியில் வைத்தால் தோல் வெந்து போவது அவருக்குத் தெரியாது. நீரிழிவால் விரல் மரத்துப்போனவர்களுக்கும் இதே ஆபத்து. ஆகவே எவரும் எதையும் மடியில் வைத்துக் கொண்டுபோவதில்லை, தட்டில் வைத்துத்தான். மேசையில் நீண்ட நேரம் இருப்பவர்கள் இடைக்கிடை கையை ஊன்றி உடம்பைத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். ஆசிரியர் மணியடித்து ஞாபகப்படுத்துவார்.

மண் தூசு நெஞ்சுக்கு ஆகாது எண்டு சொல்லுகினம். உண்மையோ?

உண்மை. காய்ந்த களித்தூசில் சிலிக்கா உண்டு, நீண்டகாலம் சுவாசித்தால் நுரையீரலைப் பாதிக்கும். நாங்கள் விளக்குமாற்றால் கூட்டுவதில்லை, ஈரத்துணியால் துடைக்கிறோம். முன்பு சொன்ன மண் உடைக்கும் வேலையும் அரிக்கும் வேலையும் வெளியே, காற்றுக்குப் புறம்காட்டி, முகக்கவசத்தோடு. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அந்த வேலை கொடுப்பதில்லை.

செய்த சட்டியில மீன்குழம்பு காய்ச்சலாமோ?

காய்ச்சலாம். மெருகு பூசாத சட்டி என்பதால் முதலில் ஒருநாள் தண்ணீரில் ஊறவைத்து, கஞ்சி வடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்துப் பழக்குங்கள். நிறத்துக்காகக் கடையில் வாங்கிய எந்தப் பூச்சையும் சாப்பாட்டுப் பாத்திரத்தின் உட்புறத்தில் பூச விடமாட்டோம். சிலவற்றில் ஈயம் இருக்கும்.

இது ஒரு வைத்தியமோ? கை குணமாகுமோ?

வைத்தியம் அல்ல. விரல் பலப்படலாம், மனம் ஆறலாம், பலர் அப்படிச் சொல்கிறார்கள். அதை நாங்கள் வாக்குறுதியாகத் தரமாட்டோம். கைக்கான பயிற்சியை வைத்தியசாலையில் தொழில்வழிச் சிகிச்சையாளர் சொல்லியபடி தொடருங்கள். அவர் ஏதாவது அசைவைத் தவிர்க்கச் சொல்லியிருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்.

ஓ.எல். பிள்ளையிடம் “மட்பாண்டம் செய்து என்ன வருத்தம் மாறினது” என்று எவரும் கேட்பதில்லை. சக்கர நாற்காலியில் வரும் பிள்ளையும் சட்டி செய்யும் ஆசைக்காக மட்டும் வரலாம்.

குயவற்ற வேலையை எங்கட பிள்ளையளுக்கு ஏன் பழக்குறியள்?

இந்தக் கேள்வி குரலைத் தாழ்த்தித்தான் வரும். நான் சத்தமாகவே பதில் சொல்கிறேன். பொங்கல் பானை, கும்பம், அரசாணிப் பானை, கொள்ளிக்குடம் என்று பிறப்பு முதல் இறப்பு வரை இந்தக் கைகளிடம் வாங்கிக்கொண்டு, அந்தக் கைகளைத் தாழ்வாக நினைத்தது எங்கள் சமூகம். 1980-81 இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தினர் ஆனைக்கோட்டையில் ஈமக்குழியொன்றை அகழ்ந்தபோது, பிராமி எழுத்துள்ள முத்திரையோடு கறுப்பு-சிவப்பு மட்பாண்டங்களும் கிடைத்தன. கந்தரோடையிலும் அதே வகை மட்பாண்டங்கள். உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாக ஒரே பாத்திரத்தில் வரவைக்க, காற்று எங்கே போக வேண்டும், எங்கே போகக்கூடாது என்று தெரிந்து சுட வேண்டும். எங்கள் பழமைக்குச் சாட்சியாக நாங்கள் காட்டுவது குயவரின் வேலையைத்தான்.

எங்கள் ஆசிரியர் அந்தப் பரம்பரையில் வந்த ஐயா. வகுப்புக்கு வரும் காசில் முதல் பங்கு அவருடைய சம்பளம். அவருக்குக் கதிரை கொடுத்து, ஐயா என்று கூப்பிட ஒப்பாதவர்கள் வேறு வகுப்புப் பார்க்கலாம்.

செய்யிறதை விக்கேலுமோ? “மாற்றுத்திறனாளி செய்தது” எண்டு எழுதினா கூட விக்குமே?

விற்கலாம். மழைக்கு முன்பே சுட்டுவைத்தவற்றில், விளக்கீட்டுக்கு முன் சிட்டியும், தைப்பொங்கலுக்கு முன் பானையும் போகும். விற்ற காசு செய்தவருக்கு, மண்ணுக்கும் விறகுக்குமான செலவு மட்டும் கழியும். அரச கொடுப்பனவு பெறுகிறவர்கள் இந்த வருமானத்தைப் பற்றிப் பிரதேச செயலகத்துச் சமூக சேவை உத்தியோகத்தரிடம் முதலே கதைத்துக்கொள்ளுங்கள்.

“மாற்றுத்திறனாளி செய்தது” என்று எழுதமாட்டோம். இரக்கத்தில் வாங்குகிறவர் ஒருதரம்தான் வாங்குவார், சட்டி ஒழுகினாலும் சொல்லமாட்டார். சொல்லாவிட்டால் செய்தவர் எப்படித் திருந்துவது? அடியில் செய்தவரின் பெயரோ அடையாளமோ இருக்கும், அவர் விரும்பினால் மட்டும். தட்டிப் பார்த்துக் கணீரென்று கேளாதது எவர் செய்திருந்தாலும் விற்பனைக்கு வராது.

வெளிநாட்டில இருக்கிற என்ர அண்ணா பிறந்தநாளுக்கு உங்கட பிள்ளையளுக்குச் சாப்பாடு குடுக்க விரும்புறார். படம் எடுத்து அனுப்புவியளோ?

அண்ணாவுக்கு நன்றி சொல்லுங்கள். சாப்பாடு எங்கள் தேவை இல்லை, எல்லாரும் வீட்டில் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள். பார்சலைக் கையில் கொடுத்துப் படமெடுக்க எவரையும் வரிசையில் நிறுத்தமாட்டோம். சட்டியைப் படம் எடுக்கலாம். ஆளை எடுப்பதென்றால் அவரையே கேட்க வேண்டும், வளர்ந்தவராக இருந்தால் அவருடைய அம்மாவிடம் கேட்பது போதாது.

உதவ விரும்பினால் ஒரு பிள்ளைக்கு ஒரு தவணைக்கான ஓட்டோச் செலவைப் பொறுப்பெடுக்கலாம். பலர் வகுப்பை விட்டு நிற்பது மண்ணால் அல்ல, பயணச் செலவால்.

எங்கட ஊரிலயும் தொடங்க விருப்பம். முதல்ல என்ன வாங்க வேணும்?

சக்கரம் வாங்காதீர்கள். முதலில் மண் அறிந்த ஒருவரைத் தேடுங்கள், அவருக்கு மாதம் தவறாமல் என்ன கொடுக்கலாம் என்று கணக்குப் போடுங்கள். அடுத்தது வாசலும் மலசலகூடமும். பிறகு ஊரில் வீட்டுக்குள் இருப்பவர்களிடம் போய், எந்த நேரம் வசதி, எப்படி வருவீர்கள், மேசை எந்த உயரம் வேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். சரிவுப் பாதையின் நீளத்தை மேசனும் தலைவரும் மட்டும் நின்று தீர்மானிக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். உருட்டிப் பார்க்க ஒருவர் அங்கே இருந்தால் இடிக்கும் இடம் அன்றைக்கே தெரிந்துவிடும்.

பலகை, சாக்கு, சிரட்டை, ஈர்க்கு, கம்பி, வாளி எல்லாம் ஊரிலேயே கிடைக்கும். களி எங்கே வாங்குவது, சூளையை எப்படி அடுக்குவது என்று பார்க்க ஒரு சனிக்கிழமை வாருங்கள். மாசி, பங்குனி மாதங்களில் வந்தால் சுடுவதையும் பார்க்கலாம்.